சிரிக்க விடாத பூச்சு

போன வாரம் உங்களில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து ஒரு டியூபைக் கையில் கொடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து யாரோ வாங்கி வந்ததாம். வறண்ட சருமத்துக்கு ஈரம் கொடுக்கும் ஃபவுண்டேஷன் என்று அதன் மேல் போட்டிருந்தது. "போட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க பாய்" என்றாள். இந்த வயதில் நான் ஃபவுண்டேஷன் போட்டுக்கொண்டு எந்த ஊருக்கு மாப்பிள்ளையாகப் போகப் போகிறேன்? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. புறங்கையில் கொஞ்சம் தேய்த்து, விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தேன். மடிப்பில் கோடு விழவில்லை. நல்ல சரக்குதான் என்று சொல்லி டியூபைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் விடவில்லை. "உங்க காலத்துல வறண்ட முகத்துக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டாள். வறண்ட முகம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாதம்மா என்றேன். கிழவன் கதை விடுகிறான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். மேக்கப் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோருமே அப்படித்தான் பார்ப்பீர்கள். அதனால் அது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ் பிடிப்பது எப்படி, நிறம் கலப்பது எப்படி என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர உங்களுக்கு இப்போது ஆள் இருக்கிறது.

நாற்பதுகளில், யுத்தம் இன்னும் முடியாதிருந்த காலம். அடையாற்றுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் மேக்கப் அறையில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். ஸ்டூடியோவின் பேர் வேண்டாம். எங்கள் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில். அத்தாவுக்கு அத்தர், பன்னீர் வியாபாரம். நான் அதைக் கவனிக்காமல் பொம்பளைகள் மூஞ்சிக்குச் சாயம் பூசப் போகிறேன் என்று அவருக்கு வருத்தம்தான். ஆனால் வாசனையும் எண்ணெயும் கலக்கிப் பழகிய கை எனக்கு. எதை எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்த அரிப்பு இன்றைக்கும் போகவில்லை.

மேக்கப் அறைக்குத் தலைவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். உயரமான ஆள். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு நிறம் படாமல் நாள் முழுக்க வேலை செய்வார். அறைக்குள் சத்தமாகப் பேச மாட்டார், மற்றவர்களையும் பேச விட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட நட்சத்திரமானாலும், அந்த முகம் மாஸ்டருடையது. அது எப்படி இருக்கிறது, எரிகிறதா, அரிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அவர்களாகச் சொல்வதும் மரியாதை இல்லை.

எங்கள் தொழிலுக்கு அன்றைக்கு ஒரே எதிரிதான் இருந்தான். வேர்வை. தலைக்கு மேலே ஆர்க் விளக்குகள் அடுப்பு மாதிரி எரியும். ஒலிப்பதிவு கெட்டுவிடும் என்று ஷாட் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்து மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே கம்பளிச் சரிகை உடுப்போடு ஒரு ராஜா நிற்பதை யோசித்துப் பாருங்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் மீசை வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் படிகாரம் கரைத்த தண்ணீரால் முகத்தைத் துடைப்போம். அப்புறம் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தேய்ப்போம். தோல் சுருங்கி, துவாரமெல்லாம் மூடிக்கொள்ளும். அதன் மேல்தான் பூச்சு. படம் முடிகிறவரைக்கும் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் கூடாது என்பது மாஸ்டருடைய உத்தரவு. சென்னையில் பிறந்தவனுக்கும் சென்னைக்கு வந்தவனுக்கும் முகம் வேர்த்தே தீரும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தத்தினால் வெளிநாட்டு கிரீஸ் பெயிண்ட், அதாவது கொழுப்பில் குழைத்த முகச்சாயம், வருவது நின்றுபோயிருந்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முத்துவெள்ளைப் பொடி, மஞ்சள் காவி, இன்னும் ஒன்றிரண்டைச் சலித்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்து வில்லையாகக் காயவைத்தார். ஈரப் பஞ்சால் அதைத் தொட்டு முகத்தில் இழுத்தால் மெல்லிசாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கேட்டு அனுப்புவார்கள். அவருக்கு அதில் பெருமை. பெருமைப்பட வேண்டிய சரக்குதான்.

இந்த நேரத்தில்தான் செங்கமலம் வந்தாள்.

சாந்தோம் பக்கத்துப் பெண். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவள். முப்பதை ஒட்டிய வயது. அவள் நடித்ததைப் பார்த்த எங்கள் டைரக்டர், அவளை வைத்தே ஒரு கதை எழுதிவிட்டார். கப்பலில் வேலைக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. வசனம் கம்மி, முகம்தான் பேச வேண்டும். செங்கமலம் கம்பெனியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். கம்பெனிக்காரர்கள் அவளுடைய வேஷங்களை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். திரும்பிப் போக அவளுக்கு அங்கே இடம் கிடையாது.

கேமரா டெஸ்ட் எடுத்தார்கள். காட்சி இதுதான். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, புருஷன்தான் என்று ஓடிவந்து திறக்கிறாள், நிற்பது பக்கத்து வீட்டுக்காரர். அவ்வளவுதான். மறுநாள் அதைத் திரையில் போட்டுப் பார்த்தோம். கதவைத் திறந்ததும் ஒன்று, ஆளைப் பார்த்ததும் ஒன்று என்று இரண்டு முகம் வர வேண்டும். வந்தது ஒன்றுதான். உதடு கொஞ்சம் அசைந்தது, கண் அசைந்தது, நடுவில் இருந்த கன்னம் சுவர் மாதிரி நின்றது. வாயோரத்தில் மயிரிழை மாதிரி கோடுகள் வேறு.

டைரக்டர் மயிலாப்பூர்க்காரர், மூக்குப்பொடி போடும் பழக்கம் உள்ளவர். பொடி டப்பியை மூடாமலே உட்கார்ந்திருந்தார். "என்னய்யா இது, மூஞ்சி அசையவே மாட்டேங்கறதே. நாடகத்துல நான் பார்த்தது இவளைத்தானா? மரத்தை நிக்க வச்சுண்டு நான் எப்படிப் படம் எடுக்கறது?" என்றார். செங்கமலம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாது என்று நினைத்துப் பேசினாரா, விழட்டும் என்று பேசினாரா தெரியவில்லை.

அவள் எழுந்துபோய் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். யுத்தக் கட்டுப்பாட்டில் ஃபிலிம் சுருளுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்த காலம் அது. டைரக்டர் ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சினார். "வர வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு துண்டு ஃபிலிம். அதுலயும் இப்படித்தான்னா, நேக்கு வேற வழி இல்லேம்மா" என்றார். வேறு ஒரு பெண்ணை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியம் நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். செங்கமலம் முகத்தைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ டைரக்டர் பொடி போடுவதை எனக்கு நடித்துக் காட்டினாள். மூக்கு ஒரு பக்கம், புருவம் ஒரு பக்கம், தும்மல் வருமா வராதா என்று கன்னம் மட்டும் தனியாகத் துடிக்கிறது. எனக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்ததும் ஒன்று உறைத்தது. இத்தனை அசையும் முகம் கேமராவுக்கு முன்னால் மட்டும் ஏன் செத்துப்போகிறது? கேமராவைக் கண்டு பயம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆயிரம் பேருக்கு முன்னால் நின்றவள் ஒரு பெட்டிக்கா பயப்படுவாள்?

"அக்கா, டெஸ்ட் அப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது பாய். மூஞ்சி இஸ்துகினு கீது. காஞ்ச பசைய தடவி வுட்டா மாரி. சிரிச்சா டப்புனு வெடிச்சுடுமோன்னு பயம். உங்க மாஸ்டர் வேற, 'பூச்ச ஒடைச்சுடாதம்மா, ஒடைச்சுடாதம்மா'ன்னு சொல்லிக்கினே கீறாரு. நான் இன்னா பண்ணுவேன்? ஒடையாம சிரிச்சேன்."

"இதை மாஸ்டர்கிட்ட சொல்லலையா?"

"சினிமாக்கு மேக்கப்புன்னா அல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். மத்தவங்க கம்முனு குந்திகினு கீறாங்க, நான் மட்டும் கத்துனா நல்லாவா இருக்கும்?"

எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது. அதே வில்லை, அதே பஞ்சு, அதே கை. மற்றவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். பூச்சு வழிந்ததுண்டு. வெடித்ததில்லை. "உங்களுக்கு வேர்க்கலையா?" என்று கேட்டேன்.

"எனக்கு மூஞ்சில வேர்வையே வராது பாய். சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். மார்கழி வந்தா கன்னம் வெள்ளையா பூத்துப் பூடும். நாடகத்துல மொதல்ல தேங்காண்ணெய் தேய்ச்சுதான் அரிதாரம் பூசுவாங்க, அத்தொட்டு ஒண்ணும் தெரியல. இங்க வந்ததும் எண்ணெயே தொடக்கூடாதுன்னுட்டாங்க. நானும் தொடல."

நேராக மேக்கப் அறைக்குப் போனேன். வில்லையை என் கன்னத்தில் பூசி உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மீசைக்கு மேலே வேர்வை அரும்பியது, பூச்சு மெத்தென்று கிடந்தது. பிறகு முன்கையில் பூசி மின்விசிறிக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சுருக்கென்று மயிரெல்லாம் இழுத்தது. விரலை மடக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கோடு விழுந்தது, அதிலிருந்து இன்னொரு கோடு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. கையை நீட்டி மடக்கிப் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

புரிகிறதா? எந்த வேர்வையைப் படிகாரமும் ஐஸும் வைத்து விரட்டினோமோ அந்த வேர்வைதான் எங்கள் பூச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்னதான் விரட்டினாலும் கொஞ்சம் கசிந்து, பிசினை உலரவிடாமல் வைத்திருந்தது. இவளுக்குக் கசிய ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்ச ஈரத்தையும் படிகாரம் போட்டுத் துடைத்துவிட்டு, மேலே பிசினைத் தடவி, அடுப்பு மாதிரி விளக்கை வைத்து உலர்த்தியிருக்கிறோம்.

காரணம் தெரிந்துவிட்டால் மருந்து தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் இழுத்தடித்தது. அத்தாவிடமிருந்து பன்னீரும் கிளிசரினும் வாங்கி வந்து, அவள் முகத்தில் முதலில் அதைத் தடவி, மேலே பூச்சைப் போட்டேன். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் கிளிசரின் இழுத்துக்கொண்டது. பிசுபிசுவென்று ஆகி, பூச்சு தாடைக்கு இறங்கிவிட்டது. ஒரு ஈ வந்து ஒட்டிக்கொண்டது. "இன்னா பாய், என் மூஞ்சிய ஜிலேபி ஆக்கிட்ட" என்றாள். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். மேலே போட்ட பூச்சு திட்டுத் திட்டாக நின்றது, கிட்டப்போய்ப் பார்த்தால் பளபளவென்று விளக்கு தெரிந்தது. நாடகத்துக்கு அது போதும். பெரிய திரையில் முகத்தை அத்தனை பெரிதாகக் காட்டும்போது உதவாது.

இதெல்லாம் மாஸ்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் நடந்தது. உதவியாள் தன் இஷ்டத்துக்கு ஒரு முகத்தில் கை வைப்பது அந்த அறையில் கேள்விப்படாத காரியம். அறைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்தேன், வேறு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று.

ஈரத்தைப் பூச்சுக்குக் கீழே வைக்காமல் பூச்சுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று தோன்றியது வியாழக்கிழமை காலையில், கச்சேரி ரோட்டில் மருந்துக் கடைக்கு எதிரே. உள்ளே போய் லானோலின் வாங்கினேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது, களிம்பில் போடுவார்கள். வில்லையை நுணுக்கி, அதில் லானோலின், துளி கிளிசரின், பன்னீர் எல்லாம் விட்டுச் சந்தனம் மாதிரி அரைத்தேன். மதியம் செங்கமலத்தை உட்காரவைத்து வலது கன்னத்தில் பழைய பூச்சு, இடது கன்னத்தில் புதுசு என்று பாதிப் பாதியாகப் போட்டேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

"கறிக்கடையாண்ட குந்திகினு கீறா மாரி கீது பாய்" என்றாள். ஆட்டு வாசனை போக அத்தர் விடலாம் என்று பாட்டிலைத் தேடினேன்.

"பொடி போட்டுக் காட்டுங்கக்கா" என்றேன்.

போட்டுக் காட்டினாள். உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இடது பக்கம் டைரக்டர் தும்மப் போகிறார். வலது பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அவள் தன்னுடைய சிரிப்பைச் சிரித்தாள். முகத்தில் பாதிதான் சிரித்தது. மறுபாதி வாயோரத்தில் கோடு விழுந்து, யாரோ சொல்லி வைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் அவளுக்குச் செய்திருந்தது என்ன என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

"யாரு கலந்தது?" என்று குரல் கேட்டது. மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நான்தான் என்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. அவளுக்கு எதிரில் வந்து நின்று, "சிரிம்மா" என்றார். சிரித்தாள். "அழு." அழுவதுபோல முகத்தைக் கோணினாள். இடது கன்னத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். வலது கன்னத்தைத் தொட்டார். அங்கேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரிடமும் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இந்தப் பக்கம் என் மூஞ்சி மாஸ்டர்" என்று இடது கன்னத்தைத் தொட்டாள். "அந்தப் பக்கம் யார்துன்னு தெரியல."

மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "பிசின் இன்னும் ஜாஸ்தியா இருக்குடா. பாதியாக் கொறை. படிகாரத்த இவங்க கிட்டயே கொண்டாராத" என்றார். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் அரைத்தோம். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கக் காவி.

அவர் எடுத்துக்கொண்டது சின்ன ஆபத்து இல்லை. பழைய பூச்சோடு அவள் மறுபடி தோற்றால் பழி அவளோடு போய்விடும். புதுப் பூச்சு உருகி வழிந்தால் ஃபிலிமை வீணாக்கியவர் என்ற பேர் அவருக்கு. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை. விளக்கு போட்டார்கள். கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "கன்னம் ஷைன் அடிக்குது சார்" என்றார். "பவுடர் போடுங்கோ மாஸ்டர், சீக்கிரம்" என்றார் டைரக்டர். பவுடரை அடித்தால் இருக்கிற ஈரத்தை அது குடித்துவிடும், திரும்ப அதே சுவர். போடாவிட்டால் ஷாட் எடுக்க மாட்டார்கள். விளக்கி வாதாட நேரம் இல்லை, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மாஸ்டர் பவுடர் பஃபைக் கையில் எடுத்தார். அவள் கிட்டே போனார். தன் முதுகால் கேமராவை மறைத்துக்கொண்டு, பஃபை இடது கையில் மாற்றி, தோளில் கிடந்த சலவை மல் துணியை அவள் கன்னத்தில் வைத்து மெதுவாக ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். மேலே மிதந்த பளபளப்பு துணியோடு வந்துவிட்டது. "ஆச்சு சார்" என்று நகர்ந்தார். பஃப் அவர் கையில்தான் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கதவு தட்டும் சத்தம். அவள் ஓடிவந்து திறந்தாள்.

அதை நான் நேரில் பார்த்ததைவிட மறுநாள் திரையில் பார்த்ததைச் சொல்கிறேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம் முழுக்கப் பரவி, உதட்டுக்கு வருவதற்குள் ஆளைப் பார்த்துவிடுகிறாள். அந்த சந்தோஷம் உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தப்பாக நினைக்கக் கூடாது என்று அதையே அவருக்கான சிரிப்பாக மாற்றிவிட்டாள். வசனம் ஒன்றும் கிடையாது.

விளக்கைப் போட்டதும் டைரக்டர் நாற்காலியைத் திருப்பினார். "ஏம்மா, இதைப் போன தடவையே பண்ணியிருக்கப்படாதோ? என் பிராணனை வாங்கிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

செங்கமலம் எழுந்து நின்றாள். பின்னால் சுவரோரம் நின்ற எங்களை ஒரு தடவை பார்த்தாள். "அன்னிக்கி ஒடம்பு சரியில்ல சார்" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. மாஸ்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கு உங்களிடம் ஒரு கலவையைப் பற்றி மட்டும் சொல்லி முடித்திருப்பேன்.

"அவங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார் மாஸ்டர். "என் பூச்சுதான் அவங்க மூஞ்சியைப் புடிச்சு வச்சிருந்துது. அவங்க அன்னிக்கும் நடிச்சாங்க. வெளிய வர முடியல."

டைரக்டர் பொடி டப்பியைத் திறந்தார், மூடினார். "அன்னிக்கே சொல்லப்படாதோ ஐயா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது சார்."

செங்கமலத்துக்கு அந்த வேஷம் கிடைத்தது. படம் முடிகிறவரை அந்தப் பூச்சைத்தான் போட்டோம், அத்தர் கொஞ்சம் தாராளமாக விட்டு. அது எப்படி ஓடியது என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

டெஸ்ட்டைத் திரையில் பார்த்த அன்று சாயங்காலம் மாஸ்டரும் நானும் சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்பினோம். அவரும் மயிலாப்பூர்தான், குளத்துக்குப் பக்கத்தில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தில் நடந்தோம். எனக்கு ஒரே குஷி. இன்னும் என்னென்ன கலக்கலாம், கோடைக்கு எப்படி, மழைக்கு எப்படி என்று அளந்துகொண்டே வந்தேன். பாதிப் பாலம் வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துது" என்றார். "தென்காசிப் பக்கம். டெஸ்ட் எடுத்தாங்க. மரம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன், ரெயில் சத்தத்துக்குக் கூட நிமிர்ந்து பாக்காம குந்திகினு இருந்துது, பாவம்."

"அதுக்கும் இதுதானா மாஸ்டர்?"

"தெரியலடா. கன்னத்தைத் தொட்டுத்தான் பூசினேன். எப்படி இருந்துதுன்னு ஞாபகம் இல்ல." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஷாட் முடிஞ்சதும் ஓடியாந்து, 'மூஞ்சி கழுவிக்கட்டுங்களா, மூஞ்சி கழுவிக்கட்டுங்களா'ன்னு கேட்டுது. அழறதை மறைக்கத்தான் அவசரப்படுதுன்னு நெனச்சு, 'போம்மா'ன்னுட்டேன்."

உங்கள் பையில் இப்போது எல்லா விதமான டியூபும் இருக்கிறது. நல்லது, சந்தோஷம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்ததும் முகம் கழுவ யாராவது அவசரப்பட்டால், அவளை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள்.